மேலே பெய்யும் மழைக்கு எத்தனை பலகை

போன மாதம் டரன் போன் எடுத்தான். நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவன் அவன்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

“குணா, ஒரு மிசின் வந்திருக்கு. படக்கதையைக் குடுத்தா பட்ஜெட்டைத் தருது. பத்து நிமிசம்.”

“நல்லது.”

“நீ எத்தினை கிழமை எடுப்பாய்?”

“ஆறு.”

சிரித்தான். பிறகு அந்த மிசின் தந்த தாளை அனுப்பினான். மகள் அச்செடுத்துத் தந்தாள். அழகான தாள். கூட்டல் பிழை இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். ஒரு நிரலைக் காணவில்லை. அது என்ன நிரல், ஏன் வேண்டும் என்று போனில் டரனுக்குச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிப் பார்க்கிறேன். டரனுக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, மகள் சொல்லுவாள். எங்கட ஆட்களுக்கும் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரியட்டும். இதில் வெள்ளைக்காரர் பேசுகிறதெல்லாம் இங்கிலீஷில் பேசியது. நான் என் தமிழில் எழுதுகிறேன்.

வேலை இதுதான். படத்தில் ஒரு வீடு வருகிறது. அதை யாரோ கட்ட வேண்டும். கட்ட முதல் எத்தனை பிளைவுட், எத்தனை சட்டம், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று யாரோ சொல்ல வேண்டும். பதினாறு வருடம் அதைச் சொன்னவன் நான். அதற்கு முதல் தச்சன்.

படிப்பு ஊரில் எட்டாம் வகுப்பு. ஜெர்மனியில் அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடம். பிறகு லண்டன். குரோய்டன் பெரிய கட்டடத்தில் அகதிக் கடதாசிக்காகப் பல காலை வரிசையில் நின்றேன். கடதாசி வந்ததும் லண்டனுக்கு மேற்குப் பக்கம் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் மரத்தூள் கூட்டும் வேலை. ஒரு நாள் தச்சன் ஒருவன் வரவில்லை. அவன் இடத்தில் நின்றேன். அவன் பிறகு வரவே இல்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. பார்த்தால் எண்ண வரும். அங்கே தலைமைத் தச்சராக இருந்தவர் கட்ட வேண்டிய ஒரு சுவரின் படத்தைக் காட்டி, இதுக்கு எத்தனை பலகை என்று விளையாட்டாய்க் கேட்டார். முப்பத்திரண்டு, அரைப் பலகை மிஞ்சும் என்றேன். கட்டி முடிய அரைப் பலகை மிஞ்சியது. அதோடு என்னை மேலே கூப்பிட்டார்கள்.

மேலே மொய்ரா இருந்தா. ஸ்கொட்லாந்துப் பெண். ஒரு படத்தின் முழுப் பட்ஜெட்டும் அவவின் கையில் இருக்கும். கூட்டத்துக்குக் கால் மணி முந்தி வருவா. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பா. கூட்டம் முடிந்தால்தான் திரும்பக் கட்டுவா. சத்தம் போட்டதை நான் பார்த்ததில்லை.

மற்றவர்களின் பட்ஜெட் தாளில் பொருள், விலை என்று இரண்டு நிரல் இருக்கும். மொய்ராவின் தாளில் அதற்கு மேல் மூன்று. என்ன தெரியும். என்ன தெரியாது. யார் சொன்னது. அவ்வளவும் பென்சிலால் நிரப்பின பிறகுதான் கம்பியூட்டருக்குப் போகும். அந்தக் கடைசி நிரல்தான் டரனின் தாளில் இல்லாதது.

முதல் படத்தில் நான் ஒரு வேலை செய்தேன். எல்லாரும் செய்கிற வேலை. மேலிடம் எப்படியும் வெட்டும் என்று தெரியும். அதனால் ஒரு கோயில் செட்டுக்குப் பத்துப் பலகை கூடப் போட்டேன். மொய்ரா தாளைப் பார்த்தா. படத்தைப் பார்த்தா.

“குணா, இந்தப் பத்துப் பலகை எந்தச் சுவருக்கு?”

அவ காத்திருந்தா. காத்திருப்பது அவவின் வேலையில் பாதி.

“பயத்துக்கு,” என்றேன்.

வெட்டுவா என்று நினைத்தேன். வெட்டவில்லை. கீழே புதிதாக ஒரு வரி எழுதினா. ‘பயம்: பத்துப் பலகை. சொன்னவர்: குணா.’ அந்தத் தாள் எல்லாருடைய கைக்கும் போனது. பெயின்ட்காரர் ஒரு வருடம் என்னைக் கண்டால் “பயம் எப்பிடி, சுகமோ” என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் ஒளித்துப் போடவில்லை. பயம் இருந்தால் பயம் என்று தனி வரியில் எழுதுவேன். மொய்ரா அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவா.

இனிக் கடைசிப் படத்துக்கு வருகிறேன்.

அது ஒரு கார்ட்டூன் தொடர். முப்பத்தாறு கதை. பெயர் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டோம் என்று கையெழுத்து வைத்திருக்கிறோம். அதை உண்மையான ஆட்களை வைத்துப் படமாக எடுக்க ஒரு இளம் இயக்குநர் வந்தார். சின்ன வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவர். கதை நடக்கும் நாட்டில் மழை நிலத்திலிருந்து மேலே பெய்யும். அங்கே சனம் குடையை இடுப்பில் கட்டும். தண்ணீர் பிடிக்கப் பானைகளை வாய் கீழே பார்க்கத் தொங்கவிடும். வெறுங்காலோடு நடக்கிற ஒரு பிள்ளைதான் கதாநாயகி.

கார்ட்டூனில் மேலே போகிற மழைக்கு நாலு கோடு போதும். எங்களுக்குக் காணாது. கம்பியூட்டரில் மழையைப் போடலாம். ஆனால் நடிக்கிறவர்களின் கால் பாதமும் முழங்காலும் நனைய வேண்டும். கம்பியூட்டர் நனைக்காது. அதனால் முழங்கால் உயரம் மட்டும் உண்மைத் தண்ணீர், அதற்கு மேலே கம்பியூட்டர் என்று முடிவு வந்தது.

உண்மைத் தண்ணீர் என்றால் தெருவை நிலத்திலிருந்து நாலடி உயர்த்த வேண்டும். தளம் பிளைவுட். தளம் முழுக்க ஓட்டை. கீழே குழாய், தொட்டி, பம்ப். தண்ணீர் இளஞ்சூடாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கதையில் ஏழு தெருவின் பெயர் இருந்தது. சந்தைத் தெரு, சாயக்காரர் தெரு, பள்ளிக்கூடத் தெரு என்று. நான் ஏழு தெருவுக்கும் எண்ணிக் கொடுத்தேன்.

மொய்ரா எல்லாவற்றையும் கூட்டினா. படத்துக்குக் காசு போடுகிறவர்கள் ஒரு தொகை சொல்லியிருந்தார்கள். அதற்குள் வந்தால் லண்டன். மேலே போனால் படம் வேறு நாட்டுக்குப் போகும், அங்கே மலிவு. எங்கள் தொகை மேலே போனது. கொஞ்சமல்ல.

“ஏழு தெருவுக்கும் மழைத் தளம். அதுதான் தூக்குது,” என்றா. “ரெண்டு கிழமை இருக்கு.”

பட்டறையில் நாற்பது தச்சர். குளிர்காலத்துக்கு வேறு படம் இல்லை. இது போனால் நாற்பது பேரும் வீட்டில். அவர்களில் ஜெகனும் ஒருவன். சுவிசில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவன். நல்ல கை. நான்தான் பட்டறைக்குக் கூட்டி வந்தேன். கோலியர்ஸ் வுட்டில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தான்.

இரண்டு நாள் தெருக்களின் படத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் குறையவில்லை. ஆனால் வேறு ஒரு கேள்வி மண்டைக்குள் நின்றது. மேலே போகிற தண்ணீர் பிறகு எங்கே போகிறது? மொய்ராவிடம் கேட்டேன்.

“அது எங்கட பட்ஜெட் இல்லை, குணா.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து கார்ட்டூனைப் போட்டேன். கணக்குக்காக அல்ல. தண்ணீருக்காக. மனைவி வந்து பார்த்தாள்.

“அறுபத்திமூண்டு வயசில கார்ட்டூன் பாக்கச் சம்பளமோ?”

“ஓம்.”

“எனக்கும் ஒரு வேலை எடுத்துத் தாங்கோவன்.”

பக்கத்தில் இருந்து அவளும் பார்த்தாள். தண்ணீர் எங்கே போகிறது என்று ஐந்து கதை முடிந்தும் தெரியவில்லை. கை சும்மா இருக்காது, அதனால் தெருவின் அளவை ஒரு கொப்பியில் கீறிக்கொண்டு இருந்தேன். கார்ட்டூனில் கதவை அளவுகோலாய் வைக்க ஏலாது. ஒரு கதையில் கதவு ஆளை விட உயரம், மற்றக் கதையில் ஆள் குனிந்து போகும். படிதான் நேர்மையானது. படி எப்போதும் முழங்காலுக்குப் பாதி. படியை வைத்து அளந்தேன்.

சந்தைத் தெருவில் இடது பக்கம் மூன்றாம் யன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு வெடிப்பு. முருங்கைக் கொப்பு மாதிரி. பக்கத்தில் ஒரு ஓடு இல்லை. ஆறாம் கதையில் சாயக்காரர் தெரு. சுவர் நீலம். வலது பக்கத்தில் மூன்றாம் யன்னல். கீழே வெடிப்பு. ஒரு ஓடு இல்லை.

நிற்பாட்டினேன். கொப்பியைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். சந்தைத் தெரு சாயக்காரர் தெருவாய் மாறியது.

பள்ளிக்கூடத் தெருவைத் தேடிப் போட்டேன். அதே வெடிப்பு, இடது பக்கம். அங்கே ஒரு கொடியைக் கீறி மறைத்திருந்தார்கள். கொடியின் இடையால் வெடிப்பின் நுனி தெரிந்தது. மற்ற நாலையும் தேடிப் பார்த்தேன். ஏழு தெருவும் ஒரே தெரு. ஒரு தரம் கீறி, பிறகு மறுபக்கம் திருப்பி, நிறம் மாற்றி, கொடி போட்டு ஓட்டியிருக்கிறார்கள். கார்ட்டூன் கீறினவர்களுக்கும் ஒரு மொய்ரா இருந்திருக்கிறா. அவர்களுக்கும் காசு காணவில்லை.

அந்தப் பிள்ளை சில கதையில் வலது கையால் கதவு திறக்கும், சில கதையில் இடது கையால். அதற்கும் காரணம் இதுதான், படத்தைத் திருப்பினால் கையும் திரும்பும். இயக்குநரின் படக்கதையில் அதற்கு ஒரு பக்கம் முழுக்க விளக்கம் இருந்தது. ஒரு கை தாயின் கை, மற்றக் கை நாட்டின் கை என்று.

நான் கொப்பியை மூடிவிட்டு இருந்தேன். மனைவி கேட்டாள்.

“என்ன, தண்ணி போற இடம் பிடிபட்டுதோ?”

“இல்லை. ஏழு தெருவும் ஒண்டு.”

“அப்ப செலவு குறையும். நல்லதுதானே.”

“ஆளும் குறையும்.”

அவள் தேத்தண்ணி போடப் போனாள்.

கணக்குச் சின்னது. ஏழு தெருவுக்கு நாற்பது தச்சர். ஒரு தெருவைக் கட்டி, பெயின்ட் மாற்றி, திருப்பி எடுத்தால் இருபத்திரண்டு காணும். சொல்லாமல் விட்டால் படம் போகும், நாற்பது பேரும் வீட்டில். சொன்னால் படம் நிற்கும், பதினெட்டுப் பேர் வீட்டில். அந்தப் பதினெட்டுப் பேருக்கும் காரணம் என் கொப்பி. அதைவிட, ஏழு என்று முதல் எண்ணிக் கொடுத்தவனும் நான்தான். பெயர் ஏழு என்றதும் தெரு ஏழு என்று நம்பினேன். பொருளைப் பார்த்து எண்ண வேண்டிய தச்சன் பெயரைப் பார்த்து எண்ணினேன்.

திங்கள் காலை மொய்ராவிடம் கொப்பியைக் கொடுத்தேன்.

“என்ர கணக்குப் பிழை,” என்றேன்.

அவ கொப்பியையும் வெடிப்பையும் கனநேரம் பார்த்தா. இயக்குநரைக் கூப்பிட்டா. அவர் வந்து பார்த்தார். முகம் விழுந்தது. பிறகு மெல்லச் சிரித்தார்.

“பதினெட்டு வருசமா அந்த இடது கைக்கு ஒரு அர்த்தம் வைச்சிருந்தன்,” என்றார்.

“அதை விட வேண்டாம். இப்ப அதுக்குக் காசும் மிச்சம்,” என்றா மொய்ரா.

திருப்பி எடுத்தால் கடைப் பலகையின் எழுத்து மாறிப் போகுமே என்று ஒருவர் கேட்டார். அந்த நாட்டு எழுத்து ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பிள்ளையின் சட்டைப் பொத்தான் பக்கம் மாறும், அதற்கு மட்டும் இரண்டு சட்டை தைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு மொய்ரா கேட்டா.

“இது உங்கட பட்டறைக்கு என்ன செய்யும் எண்டு தெரியுமோ?”

“தெரியும்.”

“எழுதட்டோ?”

“எழுதுங்கோ.”

சொன்னவர்: குணா.

பட்டறையில் ஒரு முறை இருக்கிறது. கடைசியாய் வந்தவன் முதல் போவான். நான் அதை மாற்றவில்லை. பெயர்களை வந்த ஒழுங்கில் எழுதினேன். இருபத்திரண்டோடு கோடு போட்டேன். இருபத்திமூன்றாவது ஜெகன்.

தேத்தண்ணி நேரம் வாள் மிசினுக்குப் பக்கத்தில் அவனிடம் நானே சொன்னேன். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, நீங்கள் கண்ணை மூடியிருக்கலாம்.”

“மூடியிருந்தா படம் போயிருக்கும்.”

“போகட்டும். எல்லாருமா வீட்டை இருந்திருப்பம்.”

“அது நியாயமோ?”

“நியாயம் இல்லை. ஆனா துணை.”

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு போன் இல்லை.

ஏழு தெரு ஒன்றானதும் தொகை இறங்கியது. ஆனால் தாளில் ஒரு வெறும் இடம் இருந்தது. மழைத் தளம். தெரியாதது என்ற நிரலில் ‘தண்ணீர் பட்டால் பலகை என்ன செய்யும்’ என்று எழுதியிருந்தேன். அதற்குப் பக்கத்தில் எண் இல்லை.

“வெறும் இடத்தைக் காட்டினா முழுத் தாளையும் சந்தேகப்படுவினம்,” என்றா மொய்ரா. “வாற வியாழக்கிழமை காசு போடுறவை கம்பியூட்டர் திரையில வருகினம். ஒரு எண் கொண்டுவாங்கோ. ஊகம் வேண்டாம்.”

சனிக்கிழமை நல்ல பிளைவுட்டில் இரண்டடித் துண்டு ஒன்று வெட்டினேன். ஓட்டை போட்டேன். நாலு விளிம்புக்கும் தண்ணீர் ஊறாத பூச்சு இரண்டு தரம் பூசினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிக்கிற தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டேன். மூன்று நாள். தண்ணீரை மாற்றி மாற்றி. மனைவி கோலியர்ஸ் வுட்டில் தங்கச்சி வீட்டில் போய்க் குளித்தாள். அங்கே என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய் பின்னேரம் கதவு தட்டியது. ஜெகன். மழையில் நனைந்திருந்தான். கையில் என்னுடைய சீவுளி, ஒரு துணியில் சுற்றி. இரண்டு வருடம் முதல் நான் கொடுத்தது. திருப்பிக் கேட்டதில்லை.

“இந்தாங்கோ.”

“உள்ளுக்கு வா.”

“இல்லை, போறன்.” நின்றான். “ஒருக்காப் பாத்ரூமுக்குப் போட்டுப் போறன்.”

போனவன் வரவில்லை. நான் சீவுளியை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன். உள்ளிருந்து சத்தம் வந்தது.

“அண்ணை, உது என்ன?”

போனேன். சப்பாத்தோடு தொட்டி ஓரத்தில் குந்தியிருந்தான். பலகையைத் தூக்கி மடியில் வைத்திருந்தான். காற்சட்டை முழுக்கத் தண்ணீர்.

“மழைத் தளம்.”

“எத்தினை நாள்?”

“மூண்டு.”

விரலால் தடவினான். விளிம்பைத் தடவவில்லை. ஓட்டைகளைத் தடவினான். ஒவ்வொன்றாய். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

“விளிம்பு நாலும் பூசியிருக்கிறியள்.”

“ஓம்.”

“ஓட்டையும் விளிம்புதானே, அண்ணை.”

நானும் குந்திப் பார்த்தேன். விளிம்பு நேராய் இருந்தது. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பலகை கொப்புளம் மாதிரி ஊதியிருந்தது. முப்பத்தைந்து வருடம் மரத்தோடு இருந்தவன். நாலு விளிம்பை மட்டும் பூசியிருந்தேன். உண்மைத் தளத்தில் ஒரு பலகைக்கு முந்நூறு ஓட்டை. முந்நூறு விளிம்பு.

“ஓட்டையையும் பூசினாக் காணுமோ?” என்றேன்.

யோசித்தான். “குழாய் ஆடும். ஆடினா உரசும். உரசினா பூச்சுப் போகும். ஒவ்வொரு நாளும் போகும்.”

“அப்ப?”

“ஷூட்டிங் முடிய ஒவ்வொரு நாளும் கீழை இறங்கவேணும். காய வைச்சு, சீவி, திரும்பப் பூசி. மேலை ஒருத்தன், கீழை ரெண்டு பேர்.” விரலை மடக்கினான். “மூண்டு பேர். ரெண்டு பேர் காணாது. துடைக்கப் பெரிய துணி ஒண்டு கிடக்கோ? உதைத் திரும்பப் போட்டுப் பாப்பம், ஓட்டையும் பூசி.”

அரை மணித்தியாலம் இருந்தோம். மேசையில் வைத்த சீவுளியை எடுத்துக் கொப்புளத்தைச் சீவிப் பார்த்தான். நார் எழும்பியது. பிறகு தான் கோபத்தில் வந்தவன் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழும்பினான். சீவுளியைத் துடைத்துத் திரும்ப மேசையில் வைத்தான். போனான்.

நான் தாளில் எழுதினேன். மழைத் தளம், தினமும் மூன்று தச்சர், படப்பிடிப்பு முடியும் வரை. சொன்னவர்: ஜெகன்.

புதன் காலை மொய்ரா வாசித்தா.

“ஜெகன் ஆர்?”

“தச்சன்.”

“பட்டியலில இல்லையே.”

“இருபத்திமூண்டாவது.”

பென்சிலை வைத்தா. “கோட்டுக்குக் கீழை முதல் ஆள். மூண்டு பேர் வேணும் எண்டு அவரே சொல்லுறார். அவருக்கு இதில லாபம் இருக்கு.”

“அவன் சொல்லேக்க இந்த வரி இருக்கிறது அவனுக்குத் தெரியாது. இப்பவும் தெரியாது.”

“உங்கட சிநேகிதனோ?”

“இருந்தவன்.”

காத்திருந்தா. நானும் காத்திருந்தேன்.

“நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சொன்னவரே பதில் சொல்லட்டும்.”

ஜெகனுக்குப் போன் எடுத்தேன்.

“நாளைக்கு வரவேணும்.”

“வேலைக்கோ?”

“இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல.”

“சம்பளம்?”

“இல்லை. தேத்தண்ணி தருவினம்.”

“பிஸ்கட்?”

“இருக்கும்.”

“வாறன்.”

பலகையைப் பத்துக் கிலோ அரிசிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பாதி வழியில் ஈரம் கசிந்தது. ரயிலில் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்தில் இருந்தா.

திரையில் காசு போடுகிறவர்களின் ஆள் வந்தார். கெட்டிக்காரர். வரி வரியாய்ப் பார்த்தார். ஒரு தெரு விசயத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மழைத் தளத்தில் நின்றார்.

“கட்டி முடிஞ்ச தளத்துக்குத் தினமும் மூண்டு தச்சர் எதுக்கு? இது பயத்தில போட்டது.”

“பயம் வேறை வரியில இருக்கு. அடுத்த பக்கம், கீழை,” என்றா மொய்ரா.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பயம் அங்கே இருந்தது.

“எடுத்துவிட்டா என்ன?”

“சொன்னவர் வெளியில இருக்கிறார். கேப்பம்.”

ஜெகன் வந்தான். அவனுக்கு ஜெர்மன் நன்றாய் வரும். இங்கிலீஷ் கொஞ்சம். தாள் மேசையில் இருந்தது. தன் பெயரைக் கண்டான். வரியை வாசித்தான். என்னைப் பார்த்தான். நான் அரிசிப் பையைத் தள்ளினேன்.

பலகையை வெளியே எடுத்துத் திரைக்கு முன்னால் சரித்துப் பிடித்தான்.

“ஓட்டை. தண்ணி. ஊதும்,” என்றான்.

“இரும்புத் தட்டுப் போடலாமே,” என்றார் திரையில் இருந்தவர்.

“இரும்பு சத்தம். நடந்தாக் கேக்கும். கதைக்கிறது பதிய ஏலாது.”

“ஊதினா ஊதட்டும். படத்தில தெரியாது.”

ஜெகன் கொஞ்ச நேரம் சொல் தேடினான். பிறகு பலகையில் ஊதின இடத்தை உள்ளங்கையால் இழுத்துத் தேய்த்தான். கையைத் திருப்பித் திரைக்குக் காட்டினான். இரண்டு மரச் சிராம்பு ஏறியிருந்தது. கொஞ்சம் இரத்தம்.

“அந்தப் பிள்ளைக்குச் செருப்பு இல்லை,” என்றான். “என்ர மகள் கார்ட்டூன் பாக்கிறவள். முப்பத்தாறு கதையிலயும் செருப்பு இல்லை.”

மொய்ரா சிராம்பு எடுக்கத் தன் பையிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து மேசைக்குக் குறுக்கே தள்ளினா. திரையில் இருந்தவர் அடுத்த வரிக்குப் போனார்.

முடிவில் மொய்ரா கைக்கடிகாரத்தைக் கட்டினா. வரி நின்றது. தொகை அவர்கள் சொன்னதற்குள் நின்றது, மயிரிழையில். படம் லண்டனில் நின்றது. பதினைந்து தச்சர் அந்தக் குளிர்காலம் வீட்டில் நின்றார்கள். அதையும் எழுத வேண்டும். அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

மொய்ரா ஜெகனிடம் கையைக் காட்டச் சொன்னா. பார்த்துவிட்டு, “திங்கக்கிழமைக்குள்ள ஆறிடும்,” என்றா. திங்கள்தான் தளம் தொடங்கும் நாள். அவனுக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

திரும்பும்போது ரயிலில் அவன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். கிளாப்பம் வந்து போனது. பிறகு கேட்டான்.

“என்ர பேரை ஏன் எழுதினனீங்கள்?”

“நீ சொன்னாய்.”

“நீங்கள் சொன்னதெண்டு எழுதியிருக்கலாம்.”

“நான் ஓட்டையைப் பூசேல்லையே.”

தலையாட்டினான். இன்னும் கொஞ்சத் தூரம் போனது.

“அண்ணை, மேலை போற தண்ணி எங்கை போகுது எண்டு மகளிட்டைக் கேட்டனான்.”

“என்னவாம்?”

“மேலை இன்னொரு நாடு இருக்காம். அங்கத்தையாக்களுக்கு அது கீழையிருந்து வாற ஊத்தாம். அது கடைசிக் கதையில வருதாம்.”

ஆறாம் கதைக்குப் பிறகு நான் தெருவை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

விம்பிள்டனில் இறங்கினோம். எனக்கு அங்கே ட்ராம். அவனுக்கு வெளியே போய் பஸ். ட்ராம் வந்து நின்றது. நான் ஏறினேன். அவனும் ஏறினான்.

“பஸ் அங்காலை,” என்றேன்.

“தெரியும்.”

“அப்ப எங்கை வாறாய்?”

சிராம்பு ஏறின கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தான்.

“உங்கட வீட்டை. சீவுளி எடுக்க.”